சர்க்கரைச் சங்கிலியும் புற்றுநோய்ச் செல்லும்

"எல்லாம் செத்துப்போச்சு சார்!" என்று தட்டை இரு கையிலும் ஏந்தியபடி ஓடிவந்தாள் என் மாணவி. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 குழிகள். குழிக்குப் பத்தாயிரம் புற்றுநோய்ச் செல்கள். அவள் ராமநாதபுரம் கடற்கரைப் பெண். ஊரிலிருந்து கொண்டுவந்த கட்டக்கோரைப் பாசியை வெந்நீரில் வேகவைத்து வடித்து, சாற்றில் எத்தனால் ஊற்றி, அடியில் படிந்ததை உலர்த்திப் பொடியாக்கி, அந்தப் பொடியைக் கரைத்து இரண்டு நாள் முன்பு குழிகளில் விட்டிருந்தாள். அன்று காலை எம்.டி.டி என்னும் மஞ்சள் சாயத்தைச் சேர்த்தாள். உயிருள்ள செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும், செத்த செல்லால் முடியாது. 1983-இல் டிம் மோஸ்மன் வெளியிட்ட இந்த எளிய சோதனைதான் இன்றும் கல்லூரி ஆய்வகங்களின் அன்றாடச் சோறு. தட்டின் இடது ஓரத்தில் நல்ல கத்தரிப்பூ நிறம். வலப்பக்கம் போகப்போக வெளுத்து, கடைசி வரிசையில் வெறும் மஞ்சள்.

"கடைசி வரிசையில எவ்வளவும்மா விட்ட?"

"ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் சார்."

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம். மில்லிக்கு ஒரு மில்லிகிராம் என்றால் 5 கிராம் பாசிச் சர்க்கரை இரத்தத்தில் மிதக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் மொத்தமுமே அவ்வளவுதான். அந்தப் பொடியின் மூலக்கூறு குளுக்கோஸைவிடப் பல நூறு மடங்கு பெரியது. வாயால் விழுங்கினால் குடல் சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேர்வது சொற்பம். அப்படியென்றால் இந்தத் தட்டு நமக்கு என்ன சொல்கிறது?

இயற்கைக் கூட்டுச்சர்க்கரைகள் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லுமா என்று ஆண்டுதோறும் குவியும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்தத் தட்டில் தொடங்கி இந்தத் தட்டிலேயே முடிந்துவிடுகின்றன. இந்தத் துறையில் உருப்படியாகக் கிடைத்த பதில்கள் அனைத்தும் தட்டுக்கு வெளியே, உயிருள்ள உடம்பில் கிடைத்தவை. இந்தச் சர்க்கரை செல்லை என்ன செய்கிறது என்பதைவிட உடம்பை என்ன செய்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். அறுபது ஆண்டுகளாக அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் பொருளைப் பற்றி. குளுக்கோஸ் போன்ற சின்னச் சர்க்கரைகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்பதுதான் பாலிசாக்கரைடு, பாடப்புத்தகத் தமிழில் கூட்டுச்சர்க்கரை. சோற்றின் மாவுச்சத்தும் வேட்டியின் பருத்தி நூலும் குளுக்கோஸால் ஆனவைதான். ஒன்றைத் தின்று செரிக்கிறோம், மற்றொன்றை உடுத்துகிறோம். கோத்த விதம் மட்டுமே வேறு. காளான்களிலும் ஈஸ்ட்டிலும் இருக்கும் பீட்டா குளுக்கான் மூன்றாவது வகைக் கோப்பு. ஷிடாகே காளானின் லென்டினனை எடுத்துக்கொண்டால், முதுகெலும்பு போன்ற நீளச் சங்கிலியில் 5 குளுக்கோஸுக்கு 2 கிளைகள். அப்படிப்பட்ட சங்கிலிகள் மூன்று சேர்ந்து சடை பின்னியதுபோல் முறுக்கிக்கொண்டிருக்கும். பழுப்புப் பாசியின் ஃபுகாய்டன், ஃபுகோஸ் என்ற சர்க்கரையில் கந்தகக் கூறுகள் ஒட்டியது; 1913-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி கைலின் பிரித்தெடுத்தார்.

புரதத்துக்கு மரபணு அச்சு உண்டு. எத்தனை முறை செய்தாலும் அதே புரதம் வரும். சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி அச்சு கிடையாது. சங்கிலியின் நீளம், கிளைகளின் எண்ணிக்கை, கந்தகத்தின் அளவு எல்லாம் பருவத்துக்குப் பருவம், கடலுக்குக் கடல், காய்ச்சும் முறைக்கு முறை மாறும். ஃபுகாய்டன் என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் ஒரு குடும்பத்தின் பெயர். ஒரு ஆய்வகத்தில் கிடைத்த பலன் மற்றொன்றில் கிடைக்காமல் போவதற்கு, யாருடைய கைத்தவறையும்விட இதுவே பெரிய காரணம்.

இனி டோக்கியோ. 1969-இல் அங்கே தேசியப் புற்றுநோய் மையத்தின் ஆய்வகத்தில் கோரோ சிஹாராவும் குழுவினரும் ஷிடாகே காளானை வெந்நீரில் வடித்து எடுத்த கூட்டுச்சர்க்கரையை எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளின் தோலுக்கடியில் சார்கோமா 180 என்ற கட்டி வைக்கப்பட்டிருந்தது. பெரும்பாலான எலிகளில் கட்டி கரைந்தது. 'நேச்சர்' இதழில் அது வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் இந்தக் கதையின் சாரம் அதற்குப் பிறகு வந்த இரண்டு கண்டுபிடிப்புகளில் இருக்கிறது. அதே செல்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து அதே லென்டினனை ஊற்றினால் செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலியின் தைமஸ் சுரப்பியை முன்கூட்டியே எடுத்துவிட்டால் லென்டினன் வேலை செய்யவில்லை. டி செல்கள் பக்குவப்படும் இடம் அது. ஆக, கட்டியைக் கரைத்தது எலியின் நோயெதிர்ப்புப் படை. லென்டினன் அதைத் தட்டி எழுப்பியது. அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்ற வழக்கமான விதிகூட இங்கே பொருந்தவில்லை. ஓர் அளவைத் தாண்டியதும் பலன் குறைந்தது. கொல்லும் மருந்தின் நடத்தை இப்படி இருக்காது.

சிஹாராவின் எலிகளில் ஒரு பலவீனமும் இருந்தது. சார்கோமா 180 அந்த எலிகளின் சொந்தக் கட்டி அல்ல. வேறு எலியிடமிருந்து வந்து, எந்த எலியிலும் நட்டு வளர்க்கக்கூடிய கட்டி. பிறர் உறுப்பை நம் உடம்பு தள்ளுவதுபோல் எலியின் உடம்பும் அதைத் தள்ளக் காத்துக்கொண்டிருக்கும். சிறிது ஊக்கம் கிடைத்தால் போதும். மனிதருக்கு வரும் புற்றுநோயோ அவரவர் செல்லிலிருந்தே முளைத்து, அவரவர் காவலர்களிடமே பல ஆண்டு பழகி, தப்பிக்கும் வித்தைகளைக் கற்ற பிறகுதான் கண்ணில் படுகிறது. சார்கோமா 180 கரைந்தது என்ற வரியை வைத்து மனிதக் கட்டியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். இன்றும் சந்தையில் விற்கும் காளான் பொடிகளின் துண்டுப்பிரசுரங்களில் அந்த எலிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சர்க்கரை எப்படிக் காவலரை எழுப்புகிறது? இதற்கான விடை 2001 வரை காத்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கோர்டன் பிரவுனும் சைமன் கோர்டனும் மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்களின் மேற்பரப்பில் டெக்டின்-1 என்ற ஏற்பி பீட்டா குளுக்கானைப் பற்றுவதைக் காட்டினார்கள். நம் உடம்பு பீட்டா குளுக்கானைத் தயாரிப்பதில்லை. பூஞ்சையின் சுவரில் அது நிறைய இருக்கும். எனவே அந்தச் சடை டெக்டின்-1 மீது பட்டால் பூஞ்சை நுழைந்துவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. விழுங்கு செல்கள் விழித்து அழைப்பு விடுகின்றன, டி செல்கள் வருகின்றன. வாயால் கொடுத்த ஈஸ்ட் குளுக்கான் துகளைக் குடலிலிருந்து மேக்ரோபேஜ்கள் சுமந்து எலும்பு மஜ்ஜை வரை கொண்டுபோய் அங்கே துண்டு துண்டாக வெளியிடுவதும் எலிகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. 2020-இல் 'செல்' இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பீட்டா குளுக்கான் ஊசி போட்ட எலிகளின் மஜ்ஜை, கட்டியை எதிர்க்கும் குணமுள்ள நியூட்ரோபில் செல்களை உருவாக்கியது. அந்த நியூட்ரோபில்களை எடுத்து, ஊசியே போடாத எலிகளுக்கு மாற்றியபோது அங்கும் கட்டி வளர்ச்சி மட்டுப்பட்டது. நெதர்லாந்தின் மிஹாய் நெட்டேயா 'பயிற்சி பெற்ற நோயெதிர்ப்பு' என்று பெயரிட்ட கருத்து இங்கே கட்டியின் முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் நிமிர்ந்து உட்காரவைத்த ஆய்வு இதுதான்.

ஆனால் நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்பும் சர்க்கரை பீட்டா குளுக்கான் மட்டும் இல்லை. இங்கேதான் இந்தத் துறையின் மிகப் பெரிய பொறி இருக்கிறது.

1890-களில் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கடும் சருமத் தொற்று வந்த புற்றுநோயாளிகள் சிலருக்குக் கட்டி கரைந்ததைக் கவனித்து, பாக்டீரியாக் கலவையை ஊசியாகவே போட ஆரம்பித்தார். அந்தக் கலவையில் வேலை செய்யும் பொருள் எது என்று தேடிய மரே ஷியர், 1943-இல் செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து ஒரு பாலிசாக்கரைடைப் பிரித்தார். அதை எலிக்குச் செலுத்தினால் கட்டிக்குள் இரத்தம் கசிந்து கட்டி அழுகியது. மனிதருக்குச் செலுத்தியபோது காய்ச்சலும் நடுக்கமும் வந்தன. மேலே தொடர முடியவில்லை. ஷியர் பிரித்தெடுத்ததைத்தான் பிற்பாடு லிப்போபாலிசாக்கரைடு என்று அடையாளம் கண்டார்கள். எண்டோடாக்சின் என்பது அதன் மற்றொரு பெயர். 1975-இல் லாய்ட் ஓல்டின் குழு கண்டுபிடித்தது என்னவென்றால், எண்டோடாக்சின் நேரடியாகக் கட்டியைத் தொடுவதில்லை; அது உடம்பைக் கிளறி ஒரு புரதத்தை வெளியிடவைக்கிறது, அந்தப் புரதம் கட்டியை அழிக்கிறது. கட்டி நசிவுக் காரணி, சுருக்கமாக டிஎன்எஃப். இன்று மூட்டுவாத மருந்துகள் பலவும் குறிவைக்கும் அதே டிஎன்எஃப்தான்.

எண்டோடாக்சின் எங்கும் இருக்கிறது: குழாய்த் தண்ணீரில், தூசியில், பாசியின் மேல், காளான் வளர்த்த வைக்கோலில். கொதிக்கவைத்தாலும் அழியாது. வெந்நீரில் வடித்து எத்தனாலில் படியவைக்கும் அதே வழியில் அதுவும் கூடவே வந்துவிடும். ஒரு மில்லியில் நானோகிராம் அளவு இருந்தாலே விழுங்கு செல்கள் துள்ளி எழும். ஒரு மூலிகைச் சர்க்கரை நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்று ஒரு கட்டுரை சொன்னால், எண்டோடாக்சின் அளவு என்ன என்பதே நான் முதலில் தேடும் வரி. அந்த வரி இல்லாத கட்டுரைகள் ஏராளம்.

என் மாணவியும் அந்தக் கட்டத்துக்குத்தான் வந்தாள். தட்டு விஷயத்தில் கணக்குப் போட்ட பிறகு அவள் சோர்ந்துவிடவில்லை. பொடியை 10 மைக்ரோகிராமாகக் குறைத்து எலி மேக்ரோபேஜ்களில் விட்டாள். அவை நைட்ரிக் ஆக்சைடு வெளியிட்டால் கிரீஸ் கரைசல் ரோஜா நிறமாகும். ஆனது. "இது செல்லைக் கொல்லல சார், காவலரை எழுப்புது" என்றாள். சிஹாராவின் கதையை அவளுக்குச் சொன்னவன் நான்தான். அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தபோது சந்தோஷமாக இருந்தது. ஷியரின் கதையை அடுத்த வாரம் சொன்னேன்.

மனிதரிடம் என்ன கிடைத்தது? இந்தக் கேள்விக்கு உலகிலேயே நீளமான பதிவு ஜப்பானிடம் இருக்கிறது. டிராமெட்டிஸ் வெர்சிகலர் என்ற மரக்காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே, புரதம் ஒட்டிய கூட்டுச்சர்க்கரை. குரேஹா நிறுவனம் உருவாக்கியது. 1977-இல் அரசு அனுமதி பெற்று, 'கிரெஸ்டின்' என்ற பெயரில் வாயால் சாப்பிடும் மருந்தானது. லென்டினன் 1985-இல் இரைப்பைப் புற்றுநோய்க்கு, டெகாஃபர் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துத் தரும் ஊசியாக அனுமதி பெற்றது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு சேர்த்துத் தர, ஸ்கிசோஃபில்லன் என்ற மூன்றாவது காளான் சர்க்கரையும் வந்தது. இவற்றை நாட்டு மருந்து என்று ஒதுக்க முடியாது. அறுவை மருத்துவர்கள் எழுதிக்கொடுத்து, மருத்துவமனைகளில் முறையாகச் சோதித்த மருந்துகள்.

1994-இல் 'லான்செட்' இதழில் நகாசாட்டோ குழு வெளியிட்ட ஆய்வில், இரைப்பைப் புற்றுக்கு அறுவை முடிந்த 262 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் கீமோ, ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக பி.எஸ்.கே. ஐந்து ஆண்டு கழித்து பி.எஸ்.கே எடுத்தவர்களில் 73 சதவீதத்தினர் உயிருடன் இருந்தார்கள். எடுக்காதவர்களில் 60 சதவீதத்தினர். 2007-இல் 8 ஆய்வுகளைச் சேர்த்து, 8,009 நோயாளிகளின் கணக்கை ஒன்றாகப் பார்த்தபோது, இறக்கும் வாய்ப்பு 12 சதவீதம் குறைவு என்று வந்தது. பெருங்குடல் புற்றில் 3 ஆய்வுகள், 1,094 பேர். அங்கும் பலன் தெரிந்தது.

இந்த எண்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவற்றின் காலத்தை மறக்கக் கூடாது. அன்று கூடவே கொடுத்த கீமோ பழைய தலைமுறை. 2007-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று, அறுவைக்குப் பிறகு எஸ்-1 என்ற கீமோ மாத்திரை தருவதையே இரைப்பைப் புற்றுக்கான அடிப்படைச் சிகிச்சையாக மாற்றியது. தளம் உயர்ந்துவிட்ட பிறகு, பழைய தளத்தின் மேல் ஏற்றிவைத்த கூடுதல் உயரம் அப்படியே நிற்குமா? அதற்கான கசப்பான விடையை லென்டினன் தந்தது. அறுவைக்கு இயலாத அல்லது மீண்டும் வந்த இரைப்பைப் புற்று நோயாளிகள் 309 பேரை எஸ்-1 மட்டும், எஸ்-1 உடன் லென்டினன் என இரண்டாகப் பிரித்து நடந்த மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. எஸ்-1 மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 13.8 மாதத்தைத் தாண்டினார்கள். லென்டினன் சேர்த்தவர்களில் அந்தக் கணக்கு 9.9 மாதம். புள்ளியியல் ரீதியாக இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் லென்டினன் ஆயுளைக் கூட்டியது என்று சொல்ல எந்த இடமும் மிஞ்சவில்லை. 47 ஆண்டுக்கு முன் எலிகளில் தொடங்கிய பயணம் இந்த எண்ணில் வந்து நின்றது.

ஆசியா முழுவதும் விற்கும் ரெய்ஷி எனப்படும் கனோடெர்மா காளானைப் பற்றி காக்ரேன் அமைப்பு ஆராய்ந்ததில், எடுத்துக்கொள்ளத் தகுந்த ஆய்வுகள் 5 மட்டுமே கிடைத்தன; மொத்தம் 373 பேர். புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாக அதைப் பயன்படுத்த ஆதாரம் போதாது என்று அவர்கள் எழுதினார்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறு திசை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், நியூரோபிளாஸ்டோமா என்ற கொடிய புற்று வந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு, கூடவே ஈஸ்ட் பீட்டா குளுக்கானை வாயால் தந்து பார்க்கிறார்கள். 107 பேரைக் கொண்ட ஆய்வு 2023-இல் வெளியானது. ஆரம்பத்திலேயே குளுக்கான் சேர்த்தவர்களுக்குக் கட்டியின் மீதுள்ள அடையாளத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் கூடுதலாக உண்டானது. இங்கே சர்க்கரை யாரையும் கொல்லப் போகவில்லை. தடுப்பூசி காட்டும் எதிரியைக் காவலர் நன்றாக நினைவில் வைக்க உதவுகிறது. பீட்டா குளுக்கானுக்குப் பொருத்தமான வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது.

மற்றச் சர்க்கரைகளைச் சற்று வேகமாகப் பார்க்கலாம். எலுமிச்சைக் குடும்பப் பழத்தோலின் பெக்டினைச் சிறு துண்டாக்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தபோது, எலிகளில் புராஸ்டேட் புற்று நுரையீரலுக்குப் பரவுவது குறைந்ததாக 1995-இல் கென்னத் பியென்டாவும் அவ்ரஹாம் ராஸும் எழுதினார்கள். பரவும் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் கேலெக்டின்-3 என்ற புரதத்தை அந்தத் துண்டுகள் அடைத்துக்கொள்கின்றன என்பது விளக்கம். மனிதரில் சிறு ஆய்வுகளைத் தாண்டவில்லை. ஹெபாரின் நமக்குப் பழக்கமான சர்க்கரை மருந்து. விலங்குகளில் அதுவும் பரவலைத் தடுத்தது. ஆனால் நுரையீரல் புற்று நோயாளிகள் 2,202 பேரிடம் அந்த வகை மருந்தைச் சேர்த்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வில் ஆயுள் கூடவில்லை. புற்று நோயாளிகளுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்க அது தரும் பயன் மட்டும் உறுதியானது. டெக்ஸ்ட்ரான் சங்கிலியில் மேனோஸ் சர்க்கரையைக் கட்டிய டில்மனோசெப்ட் கட்டியிலிருந்து நிணநீர் முதலில் வடியும் கணுவைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கா 2013-இல் அனுமதித்தது. எந்தச் செல்லையும் கொல்லாமல், அறுவை மருத்துவரின் கத்தி எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டும் சர்க்கரை அது.

ஹயலூரானிக் அமிலத்தின் கதைக்குச் சற்று நிற்க வேண்டும். நம் மூட்டிலும் தோலிலும் இருக்கும் கூட்டுச்சர்க்கரை அது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் மயிரற்ற அகழெலிகளுக்குப் புற்று மிக அரிதாகவே வருகிறது. வேரா கோர்புனோவாவும் ஆண்ட்ரே செலுவானோவும் 2013-இல் அதற்கொரு காரணம் கண்டார்கள்: அந்த எலிகளின் திசுவில் ஹயலூரானிக் அமிலச் சங்கிலி நம்முடையதைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளம். அந்த நீளச் சங்கிலியை நீக்கினால் அவற்றின் செல்களும் புற்றுக்கு வசப்பட்டன. நம் கணையப் புற்றிலோ அதே சர்க்கரை மலைபோல் குவிந்து, மருந்து உள்ளே போகாதபடி சுவர் கட்டுகிறது. அந்தச் சுவரைக் கரைக்கும் நொதியைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 494 பேரிடம் நடந்த அந்த மூன்றாம் கட்ட ஆய்வு தோற்றது; நொதி சேர்த்தவர்களுக்கு 11.2 மாதம், சேர்க்காதவர்களுக்கு 11.5 மாதம். ஓரிடத்தில் காவலாகவும் மற்றோரிடத்தில் கோட்டைச் சுவராகவும் நிற்கும் சர்க்கரையை நல்லது, கெட்டது என்று எப்படிப் பிரிப்பது?

குடலுக்கு வருவோம். இவ்வளவு நேரம் சொன்ன சர்க்கரைகளில் பெரும்பாலானவற்றை நம் நொதிகளால் உடைக்க முடியாது. பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சின்ன அமிலங்களாக்கும். பெருங்குடலின் ஆரோக்கியமான செல்லுக்கு பியூட்டிரேட்தான் அடுப்பு விறகு. புற்றுச் செல் குளுக்கோஸையே எரிப்பதால், பியூட்டிரேட் அதற்குள் தேங்கி, மரபணுக்களைத் திறக்கும் மூடும் பொறியில் கைவைத்து வளர்ச்சியைத் தடுக்கிறது. தட்டில் விட்ட சர்க்கரை ஒருபோதும் காட்டாத வழி இது. நடுவில் பாக்டீரியா இல்லாவிட்டால் இது நடக்காது.

இந்த வழியில் இதுவரை கிடைத்த மிக வலுவான மனித ஆதாரம் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் லீட்ஸிலும் இருந்து நடத்தப்பட்ட காப்2 ஆய்வு. லின்ச் நோய்க்கூறு என்ற பரம்பரைக் குறை உள்ளவர்களுக்குப் பல உறுப்புகளில் புற்று வரும் அபாயம் அதிகம். அவர்களில் 918 பேருக்குச் சராசரியாக இரண்டு ஆண்டு, தினமும் 30 கிராம் செரிக்காத மாவுச்சத்தையோ அதுபோலத் தோன்றும் சாதா மாவையோ கொடுத்தார்கள். பிறகு பத்து ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். பெருங்குடல் புற்றில் வித்தியாசமே இல்லை: 52-க்கு 53. குடலுக்குத்தான் நன்மை என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் பெருங்குடல் தவிர்த்த மற்றப் புற்றுகள் செரிக்காத மாவுச்சத்து எடுத்த 463 பேரில் 27 பேருக்கு வந்தன. எடுக்காத 455 பேரில் 48 பேருக்கு. இரைப்பை, கணையம் போன்ற மேல்வயிற்றுப் புற்றுகளில் 5-க்கு 21. மாவு நிறுத்திப் பல ஆண்டு கழித்தும் அந்தக் காவல் நின்றது.

செரிக்காத மாவுச்சத்து நமக்கு அந்நியமானதல்ல. வாழைக்காயில் நிறைய இருக்கிறது. வடித்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, செரிமானத்துக்குப் பிடிகொடுக்காததாக மாறுகிறது. பழைய சோற்றில் கொஞ்சம் இருப்பது அதனால்தான். அதற்காகப் பழைய சோறு புற்றைத் தடுக்கும் என்று யாரும் பலகை மாட்டிவிட வேண்டாம். காப்2-வில் பங்கேற்றவர்கள் பரம்பரை அபாயம் உள்ள தனிப் பிரிவினர். கொடுத்ததும் அளந்து தயாரித்த மாவு.

டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 2021-இல் வெளியிட்டதும் இதே பக்கம்தான் காட்டுகிறது. மெலனோமா என்ற தோல் புற்றுக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை பெற்று, உணவு விவரமும் தந்த 128 பேரில், தினம் 20 கிராமாவது நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் நீண்டது. கடையில் வாங்கிய புரோபயாட்டிக் மாத்திரை அப்படி உதவவில்லை. நார்ச்சத்து என்றால் எப்போதும் நல்லதுதானே என்று முடிவு கட்டுவதற்குள் 2018-இல் 'செல்' இதழில் வந்த டொலிடோ பல்கலைக்கழக ஆய்வையும் படிக்க வேண்டும். குடல் பாக்டீரியாக்களின் சமநிலை கெட்ட எலிகளுக்குத் தூய்மைப்படுத்திய இனுலின் என்ற நார்ச்சத்தை உணவில் கலந்து கொடுத்தபோது, அவற்றில் ஒரு பகுதிக்கு மஞ்சள் காமாலையோடு கல்லீரல் புற்றே வந்தது. காய்கறியிலும் பயறிலும் பலவிதச் சர்க்கரைகளோடு கலந்து வரும் நாரும், டப்பாவில் அடைத்த ஒற்றைச் சர்க்கரையும் ஒன்றல்ல.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கீமோ ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளிலிருந்து, காளான் கேப்சூலின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் தவிப்பு எனக்குத் தெரியும். கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாத அன்பு அது. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: டப்பாவை அப்படியே மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், மறைக்காதீர்கள். ஜப்பானில் சோதித்த பி.எஸ்.கே-யும் இங்கே டப்பாவில் வரும் காளான் பொடியும் பெயரளவில்தான் உறவு. இயற்கை என்ற சொல் கல்லீரலுக்குக் கேட்காது: பெருந்தொற்றுக் காலத்தில் சீந்தில் சாறு குடித்து வந்த 6 பேருக்கு வந்த கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள். சீந்திலில் நோயெதிர்ப்பைத் தூண்டும் நல்ல ஒரு கூட்டுச்சர்க்கரையும் இருக்கிறது. மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையமே அதை ஆராய்ந்திருக்கிறது. சாற்றில் அது மட்டுமா இருக்கிறது?

என் மாணவியின் கட்டக்கோரைக்குத் திரும்புகிறேன். அவள் ஊர்ப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் பறிப்பவர்கள். அகர்அகரும் அல்ஜினேட்டும் செய்யும் ஆலைகளுக்குப் போகும் பாசி அது. அதிலிருந்து ஒரு மருந்து வந்தால் அந்தக் கைகளுக்கு இன்னும் நல்ல விலை கிடைக்கும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைக்காகவே சோதனை சரியாக இருக்க வேண்டும் என்று நானும் பிடிவாதமாக இருந்தேன்.

எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்கக் குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுத்த திரவத்தைப் பயன்படுத்துகிறோம். எண்டோடாக்சின் பட்டால் அது உறைந்து கட்டியாகும். ஒரு சிக்கல், அந்தத் திரவம் பீட்டா குளுக்கானைக் கண்டாலும் உறையும்; கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசியில் லாமினாரின் என்ற பீட்டா குளுக்கான் இருக்கிறது. அதனால் குளுக்கானை அடைக்கும் கரைசலையும் சேர்த்தோம். பாசிச் சர்க்கரை உறைதலையே தடுத்துவிடுகிறதா என்று பார்க்க, தெரிந்த அளவு எண்டோடாக்சின் கலந்த குழாய் ஒன்றையும் வைத்தோம். ஒன்றுமே கலக்காத தூய நீர்க் குழாய் ஒன்று. மூன்றையும் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மணி ஆனதும் தூய நீர்க் குழாயை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். திரவம் வழிந்து மூடியில் விழுந்தது. எண்டோடாக்சின் கலந்த குழாயில் கட்டி அடியிலேயே நின்றது. மூன்றாவதாகப் பாசிக் குழாயைக் கையில் எடுத்துச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கவிழ்த்தாள். கட்டி அசையவில்லை.

"முதல்லருந்து சுத்தம் பண்ணணும் சார்" என்றாள். அலமாரியில் மிச்சமிருந்த காய்ந்த பாசிப் பொட்டலத்தை எடுத்து, எடை போட ஆரம்பித்தாள்.